பையைத் துடைப்பதா, கையைக் கழுவுவதா? ஊரடங்கில் எதைத் தொட்டால் பயப்பட வேண்டும்

மழைத்துளி
ஏப்ரல் 18, 2020

எல்லோருக்கும் வணக்கம். கொரோனா ஊரடங்கு தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் வெளியே போய் வருவது நான் மட்டும்தான். அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை நோய் இருக்கிறது. என்னால் அவருக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்ற நினைப்பிலேயே நாள் போகிறது.

கடைக்குப் போய் வந்தால் நான் செய்வது இதுதான். செருப்பு வாசலுக்கு வெளியே. பை மூன்று நாள் தனியாக ஒரு மூலையில். அவசரமாக வேண்டிய பொருள் என்றால் ஒவ்வொரு பாக்கெட்டையும் சோப்பு நீரில் துடைத்து, பிறகு கிருமிநாசினியில் துடைத்து, காயவைத்து உள்ளே எடுப்பேன். உடுத்தியிருந்த துணி நேராக வாளிக்குள். தலைக்குக் குளியல். அப்புறம் நான் தொட்ட கதவுப்பிடி, சுவிட்ச், குழாய், சாவி, போன் எல்லாம். இரண்டு மணி நேரம் ஆகிறது. கை வெடித்து ரத்தம் கசிகிறது.

நேற்று முன்தினம் பிளீச் மட்டும் போதாதோ என்று அதில் கழிவறை கழுவும் திரவத்தையும் கொஞ்சம் ஊற்றித் தரையைத் துடைத்தேன். சில நொடிகளில் கண் எரிந்து, மூச்சு முட்டி, வெளியே ஓடிவிட்டேன். இன்னும் லேசாக இருமல் இருக்கிறது. அதே நாளில் என் மகள் வாசலில் கிடந்த பார்சலைத் தொட்டுவிட்டாள் என்று அவளைத் திட்டித் தீர்த்தேன். ஒன்பது வயதுக் குழந்தை, அழுதுகொண்டே தூங்கிப்போனாள்.

இதில் எது உண்மையிலேயே தேவை, எதை விட்டுவிடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கைவிளக்கு
ஏப்ரல் 18, 2020

சகோதரி, நான் செவிலியர். மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தக் கலவையைப் பற்றிப் பேசிவிடுவோம்.

கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் அமிலம் இருக்கும். பிளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நீங்கள் மூச்சில் இழுத்தது அதைத்தான். இருமல் குறையாவிட்டாலோ, நெஞ்சு இறுக்கமாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ தயங்காமல் மருத்துவரிடம் போங்கள். ஊரடங்கு என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். வினிகரும் அமிலம்தான், அதையும் பிளீச்சுடன் சேர்க்கக் கூடாது. அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான்களோடு சேர்ந்தால் குளோரமின் வாயு வரும், அதுவும் நுரையீரலைத் தாக்கும். ஆல்கஹால் கலந்த எதனோடும் வேண்டாம். பிளீச்சுக்குத் துணை தண்ணீர் மட்டும்தான்.

இரண்டாவது உங்கள் கை. வெடித்த தோல் நல்ல தோல் செய்யும் காவலைச் செய்யாது. எரியுமே என்று நாளடைவில் கழுவுவதையும் குறைத்துவிடுவோம். மிதமான தண்ணீர் போதும், சுடுநீர் வேண்டாம். தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். கிருமிநாசினியைக் கையாளும்போது ரப்பர் கையுறை போடுங்கள். எங்கள் வார்டில் எல்லோருக்கும் இந்தக் கை வெடிப்பு உண்டு, அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

மகளைத் திட்டியதை நினைத்து வருந்த வேண்டாம். இன்று அவளுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுங்கள், விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் சேர்த்து 20 நொடி. பார்சலைத் தொட்ட கைக்கு அது போதும்.


ஆய்வுமேசை
ஏப்ரல் 19, 2020

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். "மூன்று நாள்" என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொன்னால் பாதி பயம் போகும் என்று நினைக்கிறேன்.

கடந்த மார்ச் மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. இந்த வைரஸை வெவ்வேறு பரப்புகளில் விட்டு எவ்வளவு நேரம் உயிர்ப்போடு இருக்கிறது என்று பார்த்தார்கள். பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை, எவர்சில்வரில் 48 மணி நேரம் வரை கண்டுபிடிக்க முடிந்தது. அட்டையில் 24 மணி நேரத்துக்குப் பிறகு இல்லை. செம்பில் 4 மணி நேரத்துக்குப் பிறகு இல்லை.

செய்திகளில் 72 என்ற எண் மட்டும்தான் பரவியது. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் வைரஸின் அளவு ஏறத்தாழ 6.8 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது, எவர்சில்வரில் 5.6 மணி நேரத்துக்கு ஒருமுறை. அப்படியானால் பிளாஸ்டிக் பையில் இன்று காலை 1000 துகள் இருந்தது என்று வைத்துக்கொண்டால் நாளை காலை 90 கூட இருக்காது. மறுநாள் காலை எட்டுக்குள். 72 மணி நேரம் என்பது கடைசித் துகள்கள் அளவீட்டில் தென்படும் எல்லை. அதுவரை முழு வீரியத்தோடு காத்திருக்கிறது என்று பொருள் இல்லை.

பையைத் தொட்டு ஒருவருக்குத் தொற்று வர வேண்டுமென்றால் என்னென்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். தொற்றுள்ள ஒருவர் அதன் மீது இருமியோ, எச்சில் பட்ட கையால் பிடித்தோ இருக்க வேண்டும். அது காய்ந்து போகாமல் உயிர்ப்போடு இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி உங்கள் விரலுக்கு ஏற வேண்டும். அந்த விரல் கழுவப்படாமல் கண்ணுக்கோ மூக்குக்கோ வாய்க்கோ போக வேண்டும். அப்படிப் போன அளவும் தொற்றுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அளவு குறைந்துகொண்டே வருகிறது.

இந்தச் சங்கிலியில் கழுவாத விரல் முகத்துக்குப் போகும் கண்ணி மட்டும் முழுக்க நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பையில் 40 பொருள் இருக்கலாம், கை இரண்டுதான்.


தனிவழி
ஏப்ரல் 19, 2020

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவருக்கு வந்தால் என்ன ஆகும் என்று மருத்துவர் எங்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். "அளவு குறையும்", "வாய்ப்பு குறைவு" என்று சொல்லி நான் அடங்க முடியாது.

லான்செட் மைக்ரோப் இதழில் இந்த மாதம் வந்த ஆய்வைப் பார்த்தீர்களா? கண்ணாடியிலும் ரூபாய் நோட்டிலும் இரண்டு நாள் வரை, பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் நான்கு நாள் வரை, முகக்கவசத்தின் வெளிப்பக்கத்தில் ஏழாம் நாளிலும் இருந்திருக்கிறது. தொற்று பரவிய டயமண்ட் பிரின்சஸ் என்ற சொகுசுக் கப்பலில் பயணிகள் இறங்கி 17 நாள் கழித்தும் அறைகளில் வைரஸின் தடயம் இருந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது. இதற்கு என்ன பதில்?

தேவைக்கு மேல் துடைத்தால் நேரம்தான் போகும். குறைவாகத் துடைத்தால் அப்பா போய்விடுவார். நான் துடைக்கிறேன்.


ஆய்வுமேசை
ஏப்ரல் 20, 2020

தனிவழி, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் கேட்பேன். உங்களைப் பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீங்கள் குறிப்பிட்ட இரண்டையும் மட்டும் விளக்குகிறேன்.

கப்பல் விஷயத்தில் 17 நாள் கழித்துக் கிடைத்தது வைரஸின் ஆர்.என்.ஏ. பி.சி.ஆர். பரிசோதனை அந்த மரபுப் பொருளைத்தான் தேடும், வைரஸ் உயிர்ப்போடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. திருடன் ஊரைவிட்டே போன பிறகும் சேற்றில் அவன் கால்தடம் கிடக்குமே, அதுபோல. அந்த அறைகள் அப்போது கிருமிநீக்கம் செய்யப்படவும் இல்லை.

லான்செட் மைக்ரோப் ஆய்வு உயிருள்ள வைரஸைத்தான் பார்த்தது, அது சரி. ஆனால் ஆய்வகத்தில் செறிவாக வளர்த்த வைரஸ் கரைசலைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். அறை வெப்பம், நிழல், யாரும் தொடாத பரப்பு. முகக்கவசத்தில் ஏழாம் நாள் மிஞ்சியது தொடக்கத்தில் விட்டதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதே ஆய்வில் அச்சுத்தாளிலும் மெல்லிய காகிதத்திலும் மூன்று மணி நேரத்திலேயே எதுவும் கிடைக்கவில்லை, துணியிலும் மரத்திலும் இரண்டாம் நாள் கிடைக்கவில்லை. 70 டிகிரி வெப்பத்தில் ஐந்து நிமிடத்துக்குள் செயலிழந்தது. 4 டிகிரி குளிரில் மட்டும் இரண்டு வாரம் வரை நின்றது. அதனால் குளிர்பதனப் பெட்டிக்குள் போகும் பொருளை நேராக உள்ளே வைக்காமல், முன்னால் ஒருமுறை கழுவியோ துடைத்தோ வைப்பதில் பொருள் இருக்கிறது.

துடைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துடைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் வேறு வாசலைத் திறந்து வைத்துவிடக் கூடாது. அப்பாவுடன் டயாலிசிஸுக்குப் போகிறீர்கள், காத்திருக்கும் அறையில் நெருக்கமாக உட்காருகிறீர்கள், யாராவது நலம் விசாரிக்க வருகிறார்கள். என் கவலை எல்லாம் அங்கேதான்.


நிழல்மரம்
ஏப்ரல் 20, 2020

நான் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பையை வாசல் வரை எடுத்து வருவது நாங்கள்தான், அதனால் எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு 50, 60 வாசல். அத்தனை அழைப்பு மணி, அத்தனை லிஃப்ட் பொத்தான், கேட் கொண்டி. போன வாரம் ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் ஒன்றும் சொல்லாமல் தெளிப்பானை எடுத்து என் மேலேயே அடித்துவிட்டார். முகத்திலும் பட்டது, கண் இரண்டு மணி நேரம் எரிந்தது. அவர் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

கேட்க வந்தது, கையுறை போட்டால் போதுமா? காலையில் ஒரு ஜோடி போட்டால் மாலை வரை அதுதான். அலுவலகத்தில் ஒன்றுதான் தருகிறார்கள்.


கைவிளக்கு
ஏப்ரல் 20, 2020

தம்பி, எழுதியது நல்லது. உங்களைப் போன்றவர்கள் வெளியே அலைவதால்தான் நாங்கள் எல்லோரும் உள்ளே இருக்க முடிகிறது.

ஆள் மேல் கிருமிநாசினி தெளிப்பது தவறு. உலக சுகாதார நிறுவனமே மனிதர்கள் மீது தெளிப்பது கேடு என்று சொல்கிறது. கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் கேடு. உடம்புக்குள் தொற்று இருந்தால் மேலே தெளிப்பதால் அது போகவும் போகாது. இனி யாராவது தெளிப்பானைத் தூக்கினால் இரண்டடி பின்னால் போய்ப் பொருளை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கையுறையைப் பொறுத்தவரை, காலை முதல் மாலை வரை ஒரே ஜோடி போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். 60 வாசலில் இருந்ததும் அந்தக் கையுறையில் ஏறும், அதே கையுறையால்தான் போனைத் தொடுவீர்கள், மாஸ்க்கைச் சரி செய்வீர்கள். கை வெறுமையாக இருந்தால் கழுவத் தோன்றும், கையுறை இருந்தால் அந்த நினைப்பே வராது. மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் கை கழுவ வேண்டும். அப்படி மாற்ற முடிந்தால் மட்டுமே அதற்குப் பயன்.

சட்டைப் பையில் சிறிய சானிடைசர் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வாசலுக்கு ஒருமுறை, சாப்பிடும் முன், வண்டியை விட்டு இறங்கி முகத்தைத் தொடும் முன், கண்டிப்பாக. உள்ளங்கை நனையும் அளவு எடுத்து, தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும், சுமார் 20 நொடி ஆகும். ஈரத்தோடு துணியில் துடைத்தால் வேலை செய்யாது. கையில் மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, அப்போது சோப்பும் தண்ணீரும்தான். லிஃப்ட் பொத்தானுக்கு முழங்கையோ விரல் முட்டியோ போதும். மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடாமல் காதுப் பட்டையைப் பிடித்துக் கழற்றுங்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் கை, அப்புறம் போன், அப்புறம் மறுபடி கை. பிறகு குழந்தையை எடுத்துக் கொஞ்சுங்கள்.


வெண்பனி
ஏப்ரல் 22, 2020

எனக்கும் ஒரு சந்தேகம். காய்கறி, பழத்தை சோப்பு நீரில் ஊறவைக்கச் சொல்லி ஒரு வீடியோ குடும்பக் குழுவில் சுற்றுகிறது. அதையும் தாண்டி பிளீச் கலந்து ஊறவைக்கிறாள் என் தங்கை. இன்னொருவர் புற ஊதா விளக்கு வாங்கிக் கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் சரியா?


ஆய்வுமேசை
ஏப்ரல் 22, 2020

தங்கையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கு முன்பு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட குறிப்பில் இதே போன்ற ஒரு சம்பவம் இருக்கிறது. ஒரு பெண் காய்கறிகளைக் கழுவ, தொட்டியில் பிளீச், வினிகர், சுடுநீர் மூன்றையும் கலந்து ஊறவைத்திருக்கிறார். மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் போய், ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. அதே குறிப்பின்படி இந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், துப்புரவுப் பொருள்களும் கிருமிநாசினிகளும் உடலுக்குள் போனதாகவோ மேலே பட்டதாகவோ அங்குள்ள நச்சு உதவி மையங்களுக்கு வந்த அழைப்புகள் போன ஆண்டைவிட 20 சதவீதம் அதிகம்.

காய்கறிக்கும் பழத்துக்கும் ஓடும் தண்ணீர் போதும், கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். தோலின் நுண்துளைகளில் தங்கிவிடும், வயிற்றுக்குள் போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். சமைக்கும் பொருளுக்குச் சூடே போதும். புற ஊதா விளக்கைக் கையில் காட்டினால் தோல் எரியும், கண்ணையும் கெடுக்கும்.


பழைய பேனா
ஏப்ரல் 23, 2020

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். இரண்டு ஐயம். 70 சதவீத ஆல்கஹாலைவிட 100 சதவீதம் வலுவானதுதானே, ஏன் 70 என்கிறார்கள்? பிளீச்சை எந்த அளவில் கலக்க வேண்டும்? ஆளாளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள்.

அப்புறம் சோப்பு. மருந்தே இல்லாத நோயின் கிருமியை ஒரு சோப்புக்கட்டி எப்படிக் கொல்கிறது என்பதையும் யாராவது எளிமையாக விளக்கினால் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.


ஆய்வுமேசை
ஏப்ரல் 23, 2020

ஐயா, சோப்பிலிருந்தே தொடங்குகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறதோ அதையேதான் இங்கும் செய்கிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்குக் கொழுப்பு பிடிக்கும். கொழுப்பு பிடிக்கும் முனைகள் உறைக்குள் செருகிக்கொண்டு அதைப் பிய்த்துவிடுகின்றன. உறை போனால் வைரஸ் சிதறிவிடும், மிச்சத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். இதற்குக் கொஞ்சம் நேரமும் தேய்ப்பும் வேண்டும், அதனால்தான் 20 நொடி. எந்தச் சோப்பாக இருந்தாலும் சரி, "கிருமி எதிர்ப்பு" என்று எழுதியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1847-இல் வியன்னாவில் இக்னாஸ் செமல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். தாய்மார்களின் இறப்பு மளமளவென்று குறைந்தது. கிருமி என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

ஆல்கஹால் வைரஸின் புரதங்களை உருக்குலைக்கிறது. அந்த வேலைக்குத் தண்ணீரும் வேண்டும். 100 சதவீதம் என்றால் வேலை முடியும் முன்பே ஆவியாகிப் போய்விடும். கைக்குக் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும், 60-க்கும் 80-க்கும் இடையில் இருந்தால் நல்லது. வீட்டில் நீங்களே கலக்க வேண்டாம். அடுப்பு பக்கத்தில் வைக்க வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும்.

பிளீச் அளவு: பரப்புகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 0.1 சதவீதம். உங்கள் பாட்டிலில் 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருந்தால், ஒரு பங்கு பிளீச்சுக்கு 49 பங்கு தண்ணீர். அதாவது 20 மி.லி. பிளீச், 980 மி.லி. தண்ணீர். பச்சைத் தண்ணீர்தான், சுடுநீரில் வீரியம் போய்விடும். அன்றன்று கலந்து அன்றே தீர்த்துவிடுங்கள். முதலில் சோப்பு நீரால் அழுக்கை எடுத்துவிட வேண்டும், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு பிளீச் நீரைத் தடவி, பரப்பு குறைந்தது ஒரு நிமிடம் ஈரமாக இருக்க விடுங்கள். தடவியதும் துடைத்துவிடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. சன்னலைத் திறந்து வையுங்கள். கலந்த பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள், குடிதண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.


மழைத்துளி
ஏப்ரல் 25, 2020

எல்லோருக்கும் மிக்க நன்றி. இருமல் நின்றுவிட்டது. இப்போது செய்வதை எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

பொருள்களை எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கழுவுகிறேன். பாக்கெட்டுகளைத் துடைப்பதில்லை, குளிர்பதனப் பெட்டிக்குப் போவதை மட்டும் கழுவுகிறேன். அவசரமில்லாத பார்சல் ஒரு நாள் அப்படியே கிடக்கும். பலர் தொடும் கதவுப்பிடி, சுவிட்ச், குழாய் இவற்றை நாளுக்கு ஒருமுறை சோப்பு நீரால் துடைக்கிறேன். போனுக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி. அம்மாவின் அறைக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் கை கழுவல். முகத்தைத் தொடும் பழக்கத்தைத்தான் விடவே முடியவில்லை.


கைவிளக்கு
ஏப்ரல் 25, 2020

அதை முழுதாக விட யாராலும் முடியாது. ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களை வீடியோ எடுத்துப் பார்த்து 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மணிக்குச் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டார்கள், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு கண், மூக்கு, வாயில். மருத்துவம் படிப்பவர்களே அப்படி. அதனால் முகத்தைக் காவல் காப்பதைவிடக் கையைச் சுத்தமாக வைத்திருப்பது எளிது. உங்கள் பட்டியல் நன்றாக இருக்கிறது.


தனிவழி
ஜூலை 19, 2020

மூன்று மாதம் கழித்து இங்கே வருகிறேன். அப்பாவுக்கு மே மாதக் கடைசியில் தொற்று வந்தது. 22 நாள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டுக்கு வந்துவிட்டார், இன்னும் மிகவும் பலவீனமாக இருக்கிறார்.

எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பு நெருங்கிய உறவினர் ஒருவர் பார்க்க வந்திருந்தார். செருப்பைக் கழற்றவைத்தோம், கையைக் கழுவவைத்தோம், கொண்டு வந்த பையைத் துடைத்தோம். பிறகு அப்பாவின் அறையில், ஏசி ஓடிக்கொண்டிருந்ததால் சன்னலைச் சாத்திவிட்டு, முகக்கவசம் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அந்த உறவினருக்குக் காய்ச்சல்.

ஆய்வுமேசை, "வேறு வாசல்" என்று அன்று நீங்கள் எழுதியதைப் படித்தேன், ஆனால் கேட்டுக்கொள்ளவில்லை. என்னைப் போல் யாராவது இங்கே இருந்தால் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.


ஆய்வுமேசை
ஜூலை 19, 2020

அப்பா திரும்பி வந்ததே பெரிய ஆறுதல். உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஏப்ரலில் பெரும்பாலான அறிவுரைகள் கையையும் பரப்பையும் சுற்றித்தான் இருந்தன. காற்றைப் பற்றி நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த மாதத் தொடக்கத்தில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்ட்டன் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதிய கடிதத்தை 239 விஞ்ஞானிகள் ஆதரித்தார்கள். மூச்சிலும் பேச்சிலும் வரும் நுண்ணிய துளிகள் மூடிய அறையில் காற்றில் தங்கிப் பரவுவதை உலக சுகாதார நிறுவனமும் நாடுகளும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதே நாள்களில் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் இமானுவேல் கோல்ட்மன் என்ற நுண்ணுயிரியலாளர், பரப்பு வழித் தொற்று அபாயம் மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று எழுதினார். ஆய்வுகளில் பயன்படுத்திய வைரஸ் அளவு நடைமுறையில் இருப்பதைவிட மிக அதிகம் என்பது அவர் வாதம். தொற்றுள்ளவர் இருமிய இடத்தை ஓரிரண்டு மணி நேரத்துக்குள் இன்னொருவர் தொட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்கிறார்.

அதனால் இனி வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் வேலை சன்னலைத் திறப்பது, முகக்கவசம் போடுவது, நேரத்தைக் குறைப்பது. கை கழுவுவது அப்படியே தொடரட்டும்.


வெண்பனி
ஜூலை 20, 2020

சானிடைசர் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெத்தனால் கலந்த சில சானிடைசர்கள் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஜூனில் எச்சரித்திருக்கிறது. மெத்தனால் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், குடித்துவிட்டால் பார்வை போகும், உயிரும் போகலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலை எட்டாத இடத்தில் வையுங்கள். லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.


ஆய்வுமேசை
ஏப்ரல் 9, 2021

ஓராண்டு ஆகிவிட்டது, இந்த இழையை முடிக்க ஒரு எண் கிடைத்திருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த வாரம் சொல்கிறது: தொற்றுள்ள ஒரு பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலான இடங்களில் சோப்பு அல்லது டிடர்ஜென்ட் போட்டு வழக்கம்போல் சுத்தம் செய்வதே போதும்.


பழைய பேனா
ஏப்ரல் 9, 2021

அப்படியானால் ஓராண்டாகக் கை கழுவியது வீணா? பேரன் இதே கேள்வியைக் கேட்கிறான்.


ஆய்வுமேசை
ஏப்ரல் 10, 2021

இல்லை ஐயா. கை கழுவினால் அந்த வாய்ப்பு இன்னும் குறைகிறது. அதோடு இந்த உலகத்தில் ஒரே ஒரு வைரஸ் இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோவைரஸுக்குக் கொழுப்பு உறையே கிடையாது. அது பரப்புகளில் நாள்கணக்கில் நிற்கும், மிகக் குறைந்த அளவே நோயைத் தரும், ஆல்கஹால் சானிடைசருக்கும் அவ்வளவு எளிதில் அடங்காது. அதற்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். பேரனைத் தொடரச் சொல்லுங்கள்.


நிழல்மரம்
ஏப்ரல் 12, 2021

என் மனைவிக்கு நேற்று பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. காய்ச்சல் மட்டும்தான், வீட்டிலேயே தனிமை. ஒரே கழிவறை. இப்போதாவது எல்லாவற்றையும் துடைக்க வேண்டுமா? குழந்தை என்னோடு இருக்கிறது.


கைவிளக்கு
ஏப்ரல் 12, 2021

தம்பி, தைரியமாக இருங்கள். வீட்டுக்குள்ளேயே நோயாளி இருக்கும்போது கணக்கு மாறும், இருமல் பட்ட இடத்தை உடனே தொடும் வாய்ப்பு இங்கேதான் அதிகம். அவர் அறைக்குள் நீங்கள் போய்த் துடைக்க வேண்டாம். முடிந்தால் அவரே தன் அறையைத் துடைத்துக்கொள்ளட்டும், சன்னல் திறந்தே இருக்கட்டும். உணவை வாசலில் வையுங்கள். பாத்திரத்தை வழக்கமான சோப்பில் கழுவலாம், கழுவிய பிறகு கையையும் கழுவுங்கள். அவர் துணியை உதறாமல் எடுத்துத் துவையுங்கள்.

கழிவறைதான் முக்கியம். அவர் பயன்படுத்தியதும் குழாய், தாழ்ப்பாள், ஃபிளஷ் பிடி, இருக்கை ஆகியவற்றை அவரே துடைத்துவிட்டு வரட்டும். அவரால் முடியாவிட்டால், சன்னலைத் திறந்துவிட்டு முடிந்தவரை காத்திருந்து, நீங்கள் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு துடையுங்கள். கதவைத் திறந்து வெளியே வரும்போது இருவரும் முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், குழப்பமாகப் பேசினால், உடனே மருத்துவமனை. இரவு எந்த நேரமானாலும் இங்கே எழுதுங்கள், நான் பார்ப்பேன்.


நிழல்மரம்
ஏப்ரல் 27, 2021

அக்கா, அவள் நன்றாக இருக்கிறாள். எனக்கும் குழந்தைக்கும் நெகட்டிவ். நாளை முதல் வேலைக்குப் போகிறேன்.


மழைத்துளி
ஏப்ரல் 28, 2021

நிழல்மரம், படித்ததும் கண் கலங்கிவிட்டது. இன்று எங்கள் வீட்டுக்கும் ஒரு பார்சல் வந்தது. கொண்டு வந்தவருக்கு அம்மா சன்னல் வழியாகவே நன்றி சொன்னார். மகள் பெட்டியைப் பிரித்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே போய்க் கை கழுவினாள், கட்டைவிரலையும் சேர்த்து.